வெளிநாட்டு நண்பர் வீட்டு ஏல்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ லண்டன், ரொறன்ரோ, சூரிச், மெல்பேர்ன் என்று நண்பர் வீட்டுக்குப் போய் நிற்கிறவர்களுக்கு இப்போது புதிதாக ஓர் உபசரிப்பு கிடைக்கிறது. வீட்டுக்காரர் கராஜிலோ நிலவறையிலோ தானே போட்ட ஏலைக் கொண்டுவந்து வைப்பார். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. குடிப்பவர் தெரிந்து குடிக்க வேண்டும், குடிக்காதவர் சங்கடப்படாமல் விலக வேண்டும், கிழமைக் கணக்காகப் பாடுபட்ட நண்பரின் வேலை இருவராலும் மதிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஏல் என்பது என்ன? நாங்கள் அறிந்த பியர்தானே?

பியரில் ஒரு வகை. முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி (மோல்ட்), தண்ணீர், ஹொப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகிய நான்கும்தான் எல்லாப் பியருக்கும் அடிப்படை. ஈஸ்டில்தான் பிரிவு வருகிறது. ஏல் ஈஸ்ட் 16 முதல் 22 பாகை செல்சியஸில் வேலை செய்து பழ மணம் தரும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 பாகையில் மெதுவாக வேலை செய்யும். பிறகும் பல கிழமை குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் லயன் லாகர் இந்த இரண்டாவது வகை. வீட்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏல் போடுவதற்குக் காரணம், அதற்குத் தனிப் பிரிட்ஜ் தேவையில்லை, ஐந்தாறு கிழமையில் குடிக்கவும் வந்துவிடும்.

முதல் மிடறில் மூன்று குறை தோன்றலாம்: குளிர் காணாது, காஸ் காணாது, கசப்புக் கூட. மூன்றும் ஏலின் இயல்பு. அரைக் கிளாஸ் உள்ளே போன பிறகு சொல்லுங்கள்.

வீட்டில் செய்தது என்றால் கசிப்பு மாதிரியா? கண் போகும் என்கிறார்களே?

இல்லை. கசிப்பு வடிப்பது, ஏல் புளிக்க மட்டும் வைப்பது. தென்னங்கள்ளுக்கும் சாராயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். பாளையிலிருந்து இறக்கிப் புளித்தது கள்ளு, அதை வடித்தால் சாராயம். ஏல் கள்ளின் பக்கம் நிற்பது.

கண்ணைக் கெடுப்பது மெதனோல். ஈஸ்ட் பார்லிச் சீனியைத் தின்னும்போது வருவது எதனோல். மெதனோல் பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து வருவது. பார்லியில் அதற்கு இடம் மிகக் குறைவு. மதுவில் மெதனோல் நஞ்சாகிப் பலர் இறந்த சம்பவங்களுக்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலைத் தேவைக்கான மெதனோலை யாரோ கலந்து விற்றது.

நோய்க் கிருமிப் பயமும் வேண்டாம். ஏலுக்கான சாறு ஒரு மணித்தியாலம் கொதிக்கிறது. பிறகு ஹொப்ஸின் கசப்பு, புளிப்பு, மதுசாரம் மூன்றும் சேர்ந்து காக்கின்றன. கெட்டுப்போன ஏல் புளிக்கும், நாறும். வாயே வேண்டாம் என்றுவிடும். பூஞ்சணம் மிதந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஊற்றிவிட வேண்டும்.

நண்பர் தானே வடித்த ஸ்பிரிட் என்று எதையாவது நீட்டினால் அது வேறு கதை. நியூசிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வடிக்க 1996 முதல் அனுமதி உண்டு. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம். அதை மறுத்துவிடுவதே எங்கள் அறிவுரை.

அங்கே வீட்டில் பியர் போடுவது சட்டப்படி சரியா?

சரி. பிரித்தானியாவில் 1963 முதல் வீட்டுத் தேவைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் வளர்ந்தவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இருவர் இருந்தால் 200 கலன் என்று வரியில்லாமல் விட்டது. ஜேர்மனியில் 200 லீற்றராக இருந்த வரியில்லா அளவு 2024 முதல் 500 லீற்றர். சுவிஸில் 400 லீற்றர். கனடா, அவுஸ்திரேலியாவிலும் சொந்தப் பாவனைக்குத் தடையில்லை.

இங்கெல்லாம் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: விற்கக்கூடாது. ஆகவே அன்பு மிகுதியில் போத்தலுக்குக் காசு நீட்ட வேண்டாம்.

எவ்வளவு பலம்? எத்தனை கிளாஸ் குடிக்கலாம்?

வீட்டு ஏலில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். கடைப் போத்தலில் வீதம் அச்சடித்திருக்கும். வீட்டுப் போத்தலில் மூடியில் ஓர் எழுத்துக் கிறுக்கியிருக்கும், அவ்வளவே. சாதாரண பிற்றர் வகை 4 வீதம், இந்தியா பேல் ஏல் 6 அல்லது 7, பாளி வைன் என்ற வகை 9, 10 வரை போகும். நிறம் எதையும் சொல்லாது. கறுத்த ஸ்ரவுட் 4 வீதமாக இருக்கும், தேன் நிறத்து பெல்ஜிய ஏல் 9 வீதமாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி: “மச்சான், தொடக்க அடர்த்தி எவ்வளவு, கடைசி எவ்வளவு?” சாறு புளிக்கும் முன்னும் புளித்து முடிந்த பின்னும் அதன் அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவியால் அளந்து குறித்திருப்பார். தொடக்கத்திலிருந்து கடைசியைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் மதுசார வீதம் வரும். 1.045இல் தொடங்கி 1.011இல் நின்றால் வித்தியாசம் 0.034, அதாவது ஏறத்தாழ 4.5 வீதம். 1.075இல் தொடங்கி 1.015இல் நின்றால் கிட்டத்தட்ட 8 வீதம். இந்தக் கேள்வியைக் கேட்டாலே நண்பரின் முகம் மலரும். அளந்தவருக்கு அதைச் சொல்லப் பிரியம்.

எங்கள் ஊர் அளவில் சொன்னால், 5 வீத ஏல் அரை லீற்றர் போத்தலில் தூய மதுசாரம் 25 மில்லிலீற்றர். லேபிளில் 33.5 வீதம் என்றிருக்கும் சாராயத்தில் 75 மில்லிலீற்றர் எடுத்ததற்குச் சமன். அதே போத்தல் 8 வீதமானால் சாராயக் கணக்கில் 120 மில்லிலீற்றர். பிரித்தானியாவில் 10 மில்லிலீற்றர் தூய மதுசாரத்தை ஒரு யூனிற் என்பார்கள். வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 14 யூனிற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது 2016 முதல் அங்குள்ள மருத்துவ வழிகாட்டல். 4.5 வீத ஏல் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலீற்றர், 2.6 யூனிற்.

விமானத்தால் இறங்கிய அன்றிரவு ஒன்றோடு நிறுத்துங்கள். நித்திரையில்லாத, தண்ணீர் வற்றிய உடம்புக்கு வெறி கெதியாக ஏறும்.

போத்தலின் அடியில் மண்டி நிற்கிறதே, கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது ஈஸ்ட். போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்று போத்தலுக்குள்ளேயே காஸை உண்டாக்கிவிட்டு அடியில் படியும். கடைப் பியரில் இது இல்லாததற்குக் காரணம், அதை வடிகட்டிவிட்டுக் காஸை வெளியிலிருந்து ஏற்றுவதே.

குடிப்பதற்கு முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைக்க வேண்டும். திறந்த பிறகு கிளாஸை 45 பாகை சரித்து, உட்சுவரோடு ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். ஊற்றி நிறுத்தி, மீண்டும் ஊற்றி நிறுத்தினால் போத்தலுக்குள் அலை எழும்பி மண்டி கலங்கிவிடும். அரை லீற்றர் போத்தலை அதைவிடப் பெரிய கிளாஸில் ஒரே தடவையில் ஊற்றி முடிப்பது நல்லது. கிளாஸ் முக்கால் நிரம்பியதும் நிமிர்த்தி, மேலே இரண்டு விரல் நுரை வர விடுங்கள். மணம் அந்த நுரையில்தான் இருக்கிறது. போத்தலின் கழுத்தை நோக்கிக் கலங்கல் நூல்போல வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் மிஞ்சும். மிஞ்சியதைக் குடித்தாலும் ஆபத்தில்லை. ஆனால் வயிறு ஊதும், சிலருக்கு வயிற்றால் போகும்.

கோதுமை ஏலுக்கு மட்டும் முறை மாறும். அதில் கடைசி மண்டியையும் சுழற்றிக் கலந்து ஊற்றுவார்கள்.

ஐஸ் கட்டி போடலாமா?

வேண்டாம். ஐஸ் கரைந்து சுவையைக் கெடுக்கும். கடும் குளிரிலும் நாக்கு மரத்து மோல்ட்டின் சுவை தெரியாமல் போகும். ஆங்கில ஏலுக்கு 11 முதல் 13 பாகை, ஸ்ரவுட்டுக்கும் அதே அளவு, இளம் நிற ஏல்களுக்கு 7 முதல் 10 பாகை. பிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்தால் போதும்.

நண்பர் ஏல் போடும் நாளில் நானும் நின்று உதவலாமா? என்னென்ன நடக்கும்?

கட்டாயம் நில்லுங்கள். ஏலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஐந்தாறு மணித்தியால வேலை. 20 லீற்றர் ஆங்கில பிற்றர் ஏலுக்கான அளவுகளை வைத்துச் சொல்கிறோம்.

இடித்த இளநிற மோல்ட் 4.2 கிலோ. 12 லீற்றர் தண்ணீரை 72 பாகைக்குச் சூடாக்கி மோல்ட்டைக் கொட்டிக் கிளறினால் கலவை 66 பாகைக்கு வந்து நிற்கும். அந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் மூடி வைக்க, தானியத்தின் மா முழுவதும் சீனியாக மாறும். கூட நிற்பவர் பார்க்க வேண்டியது வெப்பமானியை: 63க்குக் கீழே இறங்கினால் ஏல் தண்ணீராக இருக்கும், 70ஐத் தாண்டினால் இனிப்பு மிஞ்சிக் கனக்கும். பிறகு சாற்றை இறக்கி, 75 பாகைத் தண்ணீரைத் தானியத்தின் மேல் மெதுவாக ஊற்றி மிச்சச் சீனியைக் கழுவி எடுப்பார்கள். 78ஐத் தாண்டிய தண்ணீர் உமியின் துவர்ப்பையும் இழுத்துவரும்.

கிடாரத்தில் சேர்ந்த சாற்றை ஒரு மணித்தியாலம் மூடாமல் கொதிக்கவைக்க வேண்டும். முதல் கொதியில் நுரை பொங்கி அடுப்பில் வழியும். அந்த ஐந்து நிமிடமும் கரண்டியோடு பக்கத்தில் நிற்க ஓர் ஆள் தேவை, அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். பொங்கி அடங்கியதும் ஹொப்ஸ் 40 கிராம், கென்ட் கோல்டிங்ஸ் போன்ற மென்மையான வகை. கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னும் 20 கிராம். முதலில் போட்டது கசப்புக்கு, பிந்திப் போட்டது மணத்துக்கு.

அடுப்பை அணைத்ததும் செப்புச் சுருளைச் சாற்றுக்குள் இறக்கிக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் அரை மணித்தியாலத்தில் 20 பாகைக்கு வந்துவிடும். இந்த நேரத்திலிருந்துதான் துப்புரவு உயிர்நாடி. கொதித்தபோது கிருமி செத்தது. ஆறியபின் தொடுவது எல்லாமே தொற்று. வாளி, குழாய், கரண்டி, உங்கள் கை எல்லாம் கிருமிநீக்கியில் நனைய வேண்டும். பலர் பாவிக்கும் ஸ்டார் சான் என்ற திரவத்தில் லீற்றருக்கு ஒன்றரை மில்லிலீற்றர் போதும், கழுவி எடுக்கத் தேவையில்லை, நுரை நின்றாலும் பரவாயில்லை. வாளியின் உட்புறத்தைக் கம்பியாலோ தேங்காய்ப்பொச்சாலோ தேய்க்க வேண்டாம். கீறலுக்குள் கிருமி குடியேறும்.

வாளிக்குள் சாற்றை உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுவார்கள். ஈஸ்டுக்கு ஒட்சிசன் தேவைப்படும் ஒரே கட்டம் இது. 11 கிராம் உலர் ஈஸ்டைத் தூவி மூடிவிட்டால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் ஒரு நாளுக்கும் இடையில், காஸை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத காற்றுப்பூட்டில் குமிழி தட்டத் தொடங்கும். 18 முதல் 20 பாகையில் பத்து முதல் பதினான்கு நாள். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு நாள் இடைவெளியிலும் மாறாமல் நின்றால் போத்தலில் அடைக்கலாம். சீனி லீற்றருக்கு 5 கிராம், 20 லீற்றருக்கு 100 கிராம். அறை வெப்பத்தில் இரண்டு கிழமை வைத்தால் காஸ் ஏறும்; இன்னும் இரண்டு கிழமை பொறுத்தால் சுவை அமரும்.

இரண்டு எச்சரிக்கை. கண்ணாடிப் பெருங்குப்பியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கக்கூடாது, உடைந்தால் நரம்பை அறுக்கும். வீட்டில் நாய் இருந்தால் ஹொப்ஸ் சக்கையைத் திறந்த வாளியில் போடக்கூடாது, தின்ற நாயின் உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

சுவை சரியில்லை என்றால் நண்பரிடம் எப்படிச் சொல்வது?

“நல்லாயிருக்கு” என்று பொய் சொல்வதைவிட, வாய்க்குத் தெரிந்த சுவையைச் சொல்லுங்கள். காரணம் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் கீழே இருக்கிறது.

பட்டர் மணம் வந்தால், ஈஸ்டை அவசரப்பட்டுப் பிரித்துவிட்டார். கடைசி இரண்டு நாள் இரண்டு பாகை சூட்டைக் கூட்டி வைத்திருந்தால் ஈஸ்டே அதைத் தின்றிருக்கும். பச்சை அப்பிள் மணமும் இளமையின் அடையாளம்தான், இரண்டு கிழமை பொறுத்துத் திறந்தால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நெடி அடித்துத் தொண்டை சுட்டால் புளித்தபோது சூடு கூடிவிட்டது, இதற்கு மருந்தில்லை. நனைந்த கார்ட்போர்ட் சுவை அடைக்கும்போது காற்றுப் பட்டதால் வருவது. கராம்பு மணம் கோதுமை ஏலில் இருக்க வேண்டியது. மற்ற ஏலில் வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. தெளிந்த கண்ணாடிப் போத்தலில் வெயில் பட்டால் ஹொப்ஸ் கெட்டு ஒரு கெட்ட மணம் எழும், அதனால்தான் மண்ணிறப் போத்தல் பாவிக்கிறார்கள். புளிப்பு என்றால் பற்றீரியாத் தொற்று. ஆனால் வேண்டுமென்றே புளிக்கவைக்கும் ஏல்களும் உண்டு, முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திறந்ததும் பீறிட்டு அடிக்கிறது. போத்தல் வெடிக்குமா?

வெடிக்கும். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்னே அடைத்திருந்தாலோ, சீனி கூடியிருந்தாலோ, தொற்று மிச்சச் சீனியையும் தின்றாலோ அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஹைட்ரோமீட்டரில் 0.004 இறங்க மிச்சமிருக்கும்போது அடைத்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 8 கிராம் சீனியைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமன். வழமையான 5 கிராமோடு அது சேர்ந்தால் சாதாரணப் போத்தல் தாங்காது.

ஒரு போத்தல் பீறிட்டால் அந்த முறை போட்ட எல்லாவற்றிலும் சந்தேகம் கொள்ளுங்கள். கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கக்கூடாது. மேலே தடித்த துவாயைப் போட்டு, முகத்தைத் திருப்பி, பிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, பிறகு தொட்டியில் வைத்துத் திறக்க வேண்டும். குளிரில் காஸ் திரவத்துக்குள் அடங்கி அழுத்தம் குறையும்.

ஏல் போடும் நண்பருக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

ஏலுக்குள் போடக்கூடிய எங்கள் ஊர்ச் சாமான் நிறைய. நாங்கள் முதலில் சொல்வது பனங்கட்டி. 20 லீற்றரில் 400 கிராம், கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது. அடியில் பிடிக்காமல் இருக்க அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்க வேண்டும். மதுசாரம் ஏறத்தாழ 1 வீதம் கூடும், மண்ணிற ஏலுக்கு ஆழமான ஒரு பின்சுவை வரும். கித்துள் பாணியும் அப்படியே. கறுவா ஒரு பட்டை, 5 கிராமுக்கு மேல் வேண்டாம், கூடினால் மருந்து வாடை. கொத்தமல்லியை 15 முதல் 20 கிராம் இடித்து, தோடம்பழத் தோலோடு கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் பெல்ஜியக் கோதுமை ஏலின் அடிப்படை மணம் அதுவே. தேனைக் கொதியில் போடாமல் ஆறிய பிறகோ புளிக்கும் நடுவிலோ சேர்த்தால்தான் காட்டு மணம் நிற்கும்.

பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இலங்கையிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக முடியாது. எருமைத் தயிர்ச் சட்டியை ஆசைப்பட்டுக் கட்ட வேண்டாம், எயார்போட்டில் பறிபோகும். தேன் 2 கிலோ வரையும், கருவாடு சொந்தப் பாவனை அளவிலும் போகலாம். அவுஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், எழுதாமல் பிடிபட்டால் தண்டம்.

பைட்ஸுக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

கசப்புக் கூடிய ஏலும் உறைப்பும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டி வாய் எரியும். கடும் ஹொப்ஸ் போட்ட இந்தியா பேல் ஏலுக்கு வறுத்த கச்சான், உப்புப் போட்ட முந்திரிகைப் பருப்பு, பொரித்த கட்டாக் கருவாடு போதும். நண்டுக் கறி, இறால் குழம்பு போன்ற உறைப்புக்கு மோல்ட் இனிப்புள்ள மண்ணிற ஏல். கணவாய்ப் பிரட்டலுக்குக் கோதுமை ஏல் நன்றாகப் போகும். ஸ்ரவுட்டுக்கு எங்கள் விருப்பம் இறால் வடை.

வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர் குடிக்கலாமா?

கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ஏலைத் தெளியவைக்கச் சிலர் ஐசிங்கிளாஸ் போடுவார்கள். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. சிலர் ஜெலட்டின் போடுவார்கள், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. ஐரிஷ் மொஸ் என்பது கடற்பாசி, பிரச்சினையில்லை. பால் ஸ்ரவுட்டில் பாற்சீனி இருக்கும். கண்ணகி அம்மன் சடங்கு காலத்திலோ கந்தசஷ்டியிலோ விரதம் பிடிப்பவர் போத்தலையே தொடமாட்டார் என்பதை நண்பருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

நான் குடிப்பதில்லை. முஸ்லிம் நண்பர் ஒருவரும் கூட வருகிறார். என்ன செய்வது?

வீட்டுக்குள் நுழையும் முன்னே, போனில் சொல்லிவிடுங்கள்: “நாங்கள் எடுப்பதில்லை, தேத்தண்ணி போதும்.” மேசையில் கிளாஸை வைத்த பிறகு மறுப்பதுதான் இருவருக்கும் சங்கடம். மதுசாரம் இல்லாத பியர் என்று விற்பதிலும் 0.5 வீதம் வரை இருக்கலாம். வேண்டாம் என்பவருக்கு அதை ஊற்றக்கூடாது என்று வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும். ஈஸ்ட் போடும் முன் உள்ள சாற்றில் மதுசாரம் கிடையாது, தித்திப்பாக இருக்கும்; செய்யும் நாளில் நின்றால் விரும்புபவர் ஒரு கரண்டி சுவைக்கலாம். மோல்ட் கிண்டுவதும் வெப்பம் பார்ப்பதும் பிடிக்காவிட்டால் அதையும் விடலாம். வற்புறுத்துவது எந்த வீட்டிலும் நல்ல உபசரிப்பு ஆகாது.

மருந்து எடுக்கிறேன். கொஞ்சம் குடித்தால் பரவாயில்லையா?

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்ளசைட்டோ எடுப்பவருக்கு மதுசாரம் பல மணித்தியாலம் கழித்து, நித்திரையிலேயே, இரத்தச் சீனியை ஆபத்தாக இறக்கலாம். மெட்ரோனிடசோல் எடுப்பவர் மருந்து முடிந்து 48 மணித்தியாலம் வரை தொடக்கூடாது. வாபரின் எடுப்பவரும் வைத்தியரைக் கேட்க வேண்டும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவருக்குப் பியர் எந்த வகையானாலும் கெடுதி. லினிசோலிட் என்ற அன்ரிபயோட்டிக், எம்ஏஓ தடுப்பு வகை மன அழுத்த மருந்துகள் எடுப்பவர் வடிகட்டாத வீட்டு ஏலைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள தைரமின் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும். பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு, அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு ஆகாது. கர்ப்பிணிக்கு ஒரு மிடறும் வேண்டாம்.

ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் கார் ஓடலாமா?

ஓடாதீர்கள். இலங்கையிலும் இங்கிலாந்திலும் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50. ஜேர்மனி, சுவிஸில் லீற்றருக்கு 0.5 கிராம், நோர்வேயில் 0.2. ஊர் எல்லையை நினைத்துக்கொண்டு அங்கே ஓடினால் அகப்படுவீர்கள். மறுநாள் காலையும் கவனம்: உடம்பு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிற்றைத்தான் கழிக்கும். 5 வீத ஏல் அரை லீற்றர் நான்கு போத்தல் என்றால் 10 யூனிற். நள்ளிரவில் முடித்தவர் காலை எட்டு மணிக்கும் சுத்தமாக இருக்கமாட்டார்.

இரண்டு போத்தலை ஊருக்குக் கொண்டுவரலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். 24 வீதத்துக்குக் குறைந்த மதுவைச் சூட்கேஸில் வைக்க விமானப் பாதுகாப்பு விதி தடை சொல்லாது. கையில் கொண்டுபோகும் பையில் பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். பறக்கும்போது வெடிக்கும் என்ற பயமும் பெரிதல்ல, சாமான் அறையிலும் காற்றழுத்தம் காக்கப்படுகிறது. உண்மையான ஆபத்து கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகு. 20 பாகையில் இருந்த போத்தல் 35 பாகை வெக்கையில் மட்டக்களப்பு பஸ்ஸின் சாமான் பெட்டிக்குள் எட்டு மணித்தியாலம் கிடந்தால் உள்ளழுத்தம் ஒன்றரை மடங்காகும், உயிருள்ள ஈஸ்டும் விழித்துக்கொள்ளும். லேபிள் இல்லாத போத்தலுக்குச் சுங்க மேசையில் விளக்கமும் சொல்ல வேண்டிவரும்.

செய்முறையைப் பழகிவிட்டேன். திரும்பி வந்து வீட்டில் போடலாமா?

போடக்கூடாது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்வது குற்றம், சொந்தப் பாவனைக்கு என்பது விலக்காகாது. எங்கள் பக்கத்து வெக்கையும் ஏலுக்கு எதிரி. வெளியே 30, 32 பாகை என்றால் புளிக்கும் வாளிக்குள் ஈஸ்டின் சொந்தச் சூடும் சேர்ந்து அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டில் ஏல் ஈஸ்ட் தலையிடி தரும் கனமான மதுசாரங்களை உண்டாக்கும். பழகிய கையை அடுத்த பயணத்துக்கு வைத்திருங்கள்.

வெறும் போத்தலைக் குப்பையில் போடலாமா?

போடாதீர்கள். ஏல் போடுபவருக்கு வெறும் போத்தலும் சொத்து. திரும்பத் திரும்பப் பாவிப்பார். ஊற்றி முடித்த கையோடு மூன்று தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மண்டி காய்ந்து ஒட்டினால் தூரிகைக்கும் வராது. கம்பிப் பூட்டுப் போத்தலானால் றப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே காயவையுங்கள்.